கொடிவழியைக் கணினியில் ஏற்றுவது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் வீட்டில் முத்துக்கருப்பன் மூன்று பேர். அப்பாவின் தாத்தா ஒருவர், பெரியப்பா ஒருவர், பெரியப்பாவின் பேரன் ஒருவன். பாட்டன் பெயரைப் பேரனுக்கு விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும். கொடிவழியை, அதாவது குடும்ப மரத்தை, கணினியில் ஏற்ற ஆரம்பித்த புதிதில், ஒரு துண்டுச் சீட்டில் "முத்துக்கருப்பன், 1958 பத்திரம்" என்று மட்டும் குறித்து வைத்திருந்தேன். சில மாதம் கழித்து அந்தச் சீட்டைப் பார்த்தபோது, இது பூட்டனார்தான், அப்பாவின் தாத்தாதான் என்று நானாக முடிவுகட்டி இரண்டு பதிவுகளையும் ஒன்றாக இணைத்துவிட்டேன். சீட்டில் இருந்தது பெரியப்பா. பிழை தெரிந்து பிரித்தெடுக்க மூன்று வாரம் பிடித்தது. அதற்குள் அப்பத்தா, அப்பாவின் அம்மா, போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இருந்திருந்தால் ஒரே கேள்வியில் முடிந்திருக்கும்.

அதனால், இந்த வேலையைத் தொடங்குகிற எல்லோரிடமும் முதலில் ஒன்றைத்தான் சொல்வேன். பெயரைவிட முக்கியம், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது. யார் சொன்னார், எந்தக் காகிதத்தில் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதை அப்போதே எழுதிவிட வேண்டும். கீழே சொல்லும் வழிமுறை முழுக்க அதைச் சுற்றித்தான் இருக்கும்.

கணினியைத் திறப்பதற்கு முன்

வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ, அவரிடம் போய் உட்காருங்கள். செல்போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். எழுதிக்கொண்டே கேட்டால் அவர் உங்கள் பேனாவுக்காகக் காத்திருப்பார், பேச்சு அறுந்துவிடும். "உங்க அப்பா பேர் என்ன" என்று விசாரணைபோல ஆரம்பிக்காமல், "நீங்க கல்யாணமாகி வந்தப்ப இந்த வீட்டில யார் யார் இருந்தாங்க" என்று கேளுங்கள். ஒரு வீட்டையே ஆள் ஆளாகச் சொல்லிவிடுவார்கள்.

பிறகு டிரங்குப் பெட்டி. கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, ஜாதகம், பள்ளிச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மொய் நோட்டு. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு பெரிய புதையல். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு அந்தியேட்டி என்ற இறப்புச் சடங்கன்று வெளியிடும் நினைவு மலர் உண்டு. அங்கே அதைக் கல்வெட்டு என்பார்கள், பலவற்றில் வம்சாவளியே அச்சாகியிருக்கும்.

மொய் நோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதைக் கணக்கு நோட்டு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எங்கள் பெரியப்பா கல்யாணத்து நோட்டு 1974ஆம் வருடத்தது. அட்டை போய்விட்டது, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிய பிள்ளையார் சுழி இன்னும் மங்கலாகத் தெரிகிறது. ஊர் ஊராகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் தகப்பன் பெயர், ஆள் பெயர், தொகை. தாய்மாமன் வகை முதலில் வருகிறது. எந்த ஊரில் நமக்கு உறவு இருந்தது, அந்த ஆண்டில் யார் உயிரோடிருந்தார்கள் என்பதெல்லாம் அந்த ஐந்து ரூபாய், பத்து ரூபாய் வரிகளில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, படம் எடுத்துவிடுங்கள்.

எந்த மென்பொருள்

நான் பயன்படுத்துவது கிராம்ப்ஸ் (Gramps). 2001இல் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். தமிழில் தட்டினால் தமிழிலேயே வைத்துக்கொள்ளும். எல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய காரணம். ஃபேமிலிசர்ச், மைஹெரிடேஜ், ஆன்செஸ்ட்ரி போன்ற இணையதளங்களிலும் மரம் போடலாம். ஃபேமிலிசர்ச்சில் உலகம் முழுமைக்கும் ஒரே மரம், நீங்கள் போட்டதை வேறொருவர் மாற்றலாம். ஆகவே தாய்ப்பிரதி உங்கள் கையில் இருக்கட்டும், இணையத்தில் போடுவதை அப்புறம் பார்க்கலாம்.

நிறுவியதும் புதிய மரம் ஒன்றைத் தொடங்கி, ஆட்களைச் சேர்ப்பதற்கு முன் பிரிஃபரன்சஸ் பகுதிக்குப் போங்கள். மூன்று மாற்றம் போதும். குடும்பப் பெயரைத் தானாக ஊகிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தாத்தாவின் தகப்பன் பெயரை அப்பாவுக்கும் ஒட்டிவிடும். படங்களுக்கென்று ஒரே ஒரு கோப்புறையை உருவாக்கி, அதன் இடத்தை மீடியா பாதையாகக் கொடுங்கள். வெளியேறும்போது தானாக நகல் எடுக்கும் வசதியை இயக்கிவிடுங்கள்.

முதலில் ஆதாரம், பிறகு ஆள்

இடதுபக்கப் பட்டியலில் பீப்பிள், ஃபேமிலிஸ், ஈவன்ட்ஸ், பிளேசஸ், சோர்சஸ், சைட்டேஷன்ஸ் என்று வரிசையாக இருக்கும். எல்லோருக்கும் கை பீப்பிள் பக்கம்தான் போகும். நீங்கள் சோர்சஸ் பக்கம் போங்கள்.

சோர்ஸ் என்பது ஆதாரம்: ஒரு பத்திரம், ஒரு மொய் நோட்டு, அப்பத்தாவின் ஒலிப்பதிவு. சைட்டேஷன் என்பது அந்த ஆதாரத்துக்குள் குறிப்பிட்ட இடம்: மூன்றாம் பக்கம், பன்னிரண்டாவது நிமிடம். ஒரு மொய் நோட்டு ஒரே சோர்ஸ். அதிலிருந்து நூறு சைட்டேஷன் வரலாம். ஒவ்வொரு சைட்டேஷனுக்கும் நம்பகத்தன்மையை மிகக் குறைவு முதல் மிக அதிகம் வரை ஐந்து படியில் குறிக்கலாம். கல்யாணம் நடந்த அன்றே எழுதிய நோட்டுக்கு அதிகம், ஐம்பது வருடம் கழித்து நினைவிலிருந்து சொன்ன தேதிக்குக் குறைவு. இதில் பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பெயர்களில் அப்பத்தா சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை, வருடங்களில் மட்டும் முன்பின் ஆனது.

அந்த 1958 பத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். எழுதிக்கொடுத்தவர் யார் என்று சொல்லும் வரி இது: "காலஞ்சென்ற முத்துக்கருப்பன் குமாரர் சின்னையா தனக்காகவும் தன் மைனர் குமாரன் முத்துக்கருப்பனுக்குக் கார்டியனாகவும்". சின்னையா என் ஐயா, அப்பாவின் அப்பா. ஒரே வரியில் இரண்டு முத்துக்கருப்பன்கள், தகப்பனாகவும் மகனாகவும். நான் முழு வரியையும் எழுதி வைத்திருந்தால் குழப்பமே வந்திருக்காது.

இந்த ஒரு வரியிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று பாருங்கள். மூன்று தலைமுறை வரிசையாக வந்துவிட்டது. மூத்தவர் காலமாகிவிட்டார், ஆகவே அவர் இறப்பு பத்திரத் தேதிக்கு முன்பு. இளையவர் மைனர், பதினெட்டு வயது ஆகவில்லை, ஆகவே அவர் பிறப்பு 1940க்கு முன்னால் போகாது. பிறப்பும் இறப்பும் எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காத இரண்டு பேருக்கு ஒரு நிலப் பத்திரம் எல்லை போட்டுக் கொடுத்துவிட்டது. வரியை அப்படியே பார்த்து எழுதி, நோட்ஸ் பகுதியில் டிரான்ஸ்கிரிப்ட் வகையில் சேர்த்து, சைட்டேஷனோடு இணைத்துவிடுங்கள். பத்திரத்தின் எழுத்தை மாற்றாதீர்கள். பிழை இருந்தால் பிழையோடு.

பெயர்

தமிழ்ப் பெயரும் இந்த மென்பொருளும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அது குடும்பப் பெயர் கேட்கும், நமக்கு இருப்பது இனிஷியல். நான் செய்வது இப்படி: சர்நேம் கட்டத்தில் தகப்பன் பெயரை முழுதாக எழுதி, அதன் வகையைப் பேட்ரனிமிக் என்று தேர்ந்தெடுக்கிறேன். கிவன் நேம் கட்டத்தில் ஆளின் பெயர். பட்டியலில் "முத்துக்கருப்பன் சின்னையா" என்று தகப்பன் பெயர் முன்னால் வரும்படி பெயர்க் காட்சி அமைப்பை மாற்றிக்கொண்டேன். இதில் இன்னொரு வசதி, குழுவாகப் பார்க்கும்போது அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் ஒரே தகப்பன் பெயரின் கீழே வந்து நிற்பார்கள். "மு." என்று எழுத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். முருகனா, முத்தையாவா என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.

பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெயரை முதன்மையாக வைத்து, கணவர் பெயரோடு வழங்கியதை மாற்றுப் பெயராக, மேரீட் நேம் வகையில் சேருங்கள். பழைய பத்திரங்களில் பெண்ணுக்குப் பெயரே இருக்காது, இன்னார் பாரியாள், இன்னார் பெண்சாதி என்று முடித்துவிடுவார்கள். அப்படி வந்தால் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, அவருக்கென்று ஒரு பதிவை உருவாக்கிவிடுங்கள். ஆள் இருக்கிறார், பெயர்தான் இன்னும் கிடைக்கவில்லை. காலியாக இருக்கும் அந்தக் கட்டம் உங்களைத் தேட வைக்கும். எங்கள் பூட்டியின் பெயர் இரண்டு வருடம் அப்படிக் காலியாக இருந்து, ஒரு சித்தப்பா வீட்டுப் பழைய நோட்டில் கிடைத்தது.

கூப்பிடும் பெயர், பட்டப் பெயர், பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் எல்லாவற்றையும் மாற்றுப் பெயர்களாகச் சேருங்கள். ஒவ்வொருவருக்கும் மென்பொருள் தானாக ஓர் எண் கொடுக்கும், ஐ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். ஒரே பெயர்க்காரர்கள் உள்ள குடும்பத்தில் அந்த எண்ணைக் குறிப்புகளிலும் படக் கோப்பின் பெயரிலும் எழுதப் பழகுங்கள்.

தேதி

தேதி தெரியாவிட்டால் ஊகித்து ஜனவரி 1 என்று போடாதீர்கள். கிராம்ப்ஸில் அபவுட் 1932, பிஃபோர் 1958, ஆஃப்டர் 1940 என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் புரிந்துகொள்ளும். பிட்வீன் போட்டு இரண்டு ஆண்டுகளுக்கு இடையே என்றும் கொடுக்கலாம்.

நம் ஜாதகங்களில் அறுபது வருடச் சுற்று இருக்கும், அந்த நாட்காட்டியை மென்பொருள் அறியாது. அப்பத்தா ஜாதகத்தில் ஆங்கிரச வருஷம் ஆடி மாதம் என்று இருந்தது. ஆங்கிரச வருஷம் 1872-73இல் வந்தது, 1932-33இல் வந்தது, 1992-93இல் வந்தது. அவர் வயதை வைத்துப் பார்த்தால் நடுவில் உள்ளதுதான் பொருந்தும், ஆக 1932 ஜூலை-ஆகஸ்ட். இதை ஆங்கிலத் தேதியாகப் போட்டு, தேதிப் பெட்டியிலேயே உள்ள டெக்ஸ்ட் கமென்ட் கட்டத்தில் "ஆங்கிரச வருஷம் ஆடி" என்று மூலத்தையும் எழுதிவிடுங்கள். நீங்கள் மாற்றிய கணக்கில் தப்பு இருந்தால் பின்னால் வருபவர் திருத்திக்கொள்ளலாம். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கொல்லம் ஆண்டு கிடைக்கும். அந்த ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும்வரை 824, ஜனவரியிலிருந்து ஆடிவரை 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. கொல்லம் 1107 ஆடி என்றால் 1932. வருடப் பெயரும் கொல்லம் ஆண்டும் இரண்டும் இருக்கும் ஜாதகம் கிடைத்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர், ஒன்றை ஒன்று சரிபார்த்துவிடும்.

பெரியவர்கள் வருடம் சொல்ல மாட்டார்கள், நிகழ்ச்சி சொல்வார்கள். தனுஷ்கோடி அழிந்த புயலுக்கு மறு மாசம் பிறந்தவள் என்றால் 1965 ஜனவரி, புயல் 1964 டிசம்பர் கடைசியில் அடித்தது. ரங்கூனில் குண்டு போட்டு நடந்தே வந்தார்கள் என்றால் 1941 டிசம்பருக்குப் பிறகு, பெரும்பாலும் 1942. தாது வருஷப் பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தார்கள் என்று எங்கள் வீட்டிலும் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பஞ்சம் 1876இலிருந்து 1878 வரை. சொன்னதைச் சொன்னபடி குறிப்பில் எழுதி, கட்டத்தில் வருட எல்லையைக் கொடுங்கள்.

ஊர்

ஊர் மாறாது, மாவட்டம் மாறும். சிவகங்கைச் சீமையில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1910க்கு முன்பு அது மதுரை மாவட்டம், பிறகு 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம், அந்த ஆண்டு ராமநாதபுரம் மூன்றாகப் பிரிந்ததும் இன்றைய சிவகங்கை மாவட்டம். 1930இல் எழுதிய பத்திரத்துக்குச் சிவகங்கை மாவட்டத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கிராம்ப்ஸில் பிளேசஸ் பகுதியில் கிராமத்தை ஒரு முறை உருவாக்குங்கள். என்க்ளோஸ்ட் பை என்ற இடத்தில் அது எந்த மாவட்டத்துக்குள் இருந்தது என்று மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் வருட எல்லையோடு கொடுங்கள். நிகழ்ச்சியின் தேதியைப் பார்த்து அதுவே சரியான மாவட்டத்தைக் காட்டும். ஒரு சாயங்கால வேலை, அதன்பிறகு அந்தக் கிராமத்தில் நடந்த எல்லாவற்றுக்கும் உதவும்.

சொந்தத்துக்குள் கல்யாணம்

அப்பத்தா தன் தாய்மாமனைத்தான் கட்டினார். ஆகவே மூத்த முத்துக்கருப்பன் அவருக்கு மாமனாரும் ஆனார், அம்மாவைப் பெற்ற தாத்தாவும் ஆனார். அப்பாவின் முன்னோர் வரைபடத்தில் அவர் இரண்டு இடத்தில் வருவார். அதுதான் சரி, பதற வேண்டாம்.

தப்பு நடப்பது சேர்க்கும்போது. ஃபேமிலிஸ் பகுதியில் ஒரு குடும்பத்தை உருவாக்கும்போது பெற்றோர் இடத்தில் இரண்டு வழி இருக்கும்: புதிய ஆளைச் சேர்ப்பது, ஏற்கெனவே உள்ளவரைத் தேர்ந்தெடுப்பது. அவசரத்தில் கூட்டல் குறியை அழுத்தினால் அதே ஆளுக்கு இரண்டாவது பதிவு விழுந்துவிடும். எப்போதும் முதலில் தேடுங்கள். அப்பத்தா ஒரு குடும்பத்தில் பிள்ளை, இன்னொரு குடும்பத்தில் மனைவி, ஆனால் பதிவு ஒன்றே ஒன்று.

இரண்டு பதிவுகளை இணைப்பதற்கு முன் எந்த ஆதாரம் அவர்களை ஒரே ஆளென்று சொல்கிறது என்று குறிப்பில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் இணைக்காதீர்கள். செய்ததை மீட்கும் அன்டூ வசதி மென்பொருளைத் திறந்திருக்கும் வரைதான், மூடினால் போயிற்று.

இன்னொன்று, மென்பொருள் சொல்லும் கசின் என்ற சொல் நமக்குப் போதாது. சித்தப்பா மகனும் கசின், மாமன் மகனும் கசின். ஒருவர் பங்காளி, மற்றவர் மச்சான். முறை முக்கியம் என்று நினைக்கும் இடத்தில் ஆட்ரிப்யூட் பகுதியில் "முறை" என்று நீங்களே ஒரு வகையை உருவாக்கி எழுதலாம். காதுகுத்துக்கும் அப்படியே ஒரு நிகழ்ச்சி வகை உருவாக்கி, மடியில் வைத்த தாய்மாமனை அந்த நிகழ்ச்சியில் பங்கேற்றவராகச் சேர்க்கலாம். நான் சேர்த்திருக்கிறேன்.

படங்கள், நகல், தனிமை

கிராம்ப்ஸ் படத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளாது, படம் இருக்கும் பாதையை மட்டும் நினைவில் வைக்கும். கோப்புறையை இடம் மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும். கோப்புகளுக்கு ஆண்டு முதலில் வரும்படி பெயர் வையுங்கள்: 1958-கிரயம்-பக்கம்1, 1974-மொய்நோட்டு-பக்கம்12.

நகல் எடுக்கும்போது படங்களோடு சேர்த்துக் கட்டித் தரும் கிராம்ப்ஸ் பேக்கேஜ் வகையைத் தேர்ந்தெடுத்து, ஒரு பென் டிரைவிலும் வெளியூரில் உள்ள சொந்தக்காரர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். ஜெட்காம் என்ற வகை வேறு மென்பொருளுக்கு மாற்றிக்கொள்ளத்தான். 1984 முதல் இருக்கிற பொது வடிவம். அதில் போனால் ஊர் அமைப்பில் நீங்கள் கொடுத்த வருட எல்லைகள் போன்றவை கழன்றுவிடும்.

உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி, ஜாதகம், முகவரி எதையும் இணையத்தில் போடாதீர்கள். ஏற்றுமதி செய்யும்போது உயிரோடிருப்பவர்களை விலக்கும் தேர்வு உண்டு, ஒவ்வொரு பதிவிலும் பூட்டுக் குறியும் உண்டு. தத்து, இரண்டாம் தாரம், மனவருத்தத்தில் பிரிந்தவர்கள் பற்றியெல்லாம் ஆதாரம் கிடைக்கத்தான் செய்யும். பதிவு செய்யுங்கள், பூட்டி வையுங்கள்.

அடுத்து எங்கே

நிற்கிற இடங்களுக்கெல்லாம் டூடூ (செய்ய வேண்டியது) வகைக் குறிப்பு ஒன்று எழுதி ஆளோடு இணையுங்கள்: "சார்பதிவாளர் அலுவலகத்தில் 1950-60 வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும்", "இறப்புப் பதிவு கேட்க வேண்டும்". 1980க்கு முந்தைய கிராமக் கணக்குகளை எழுதியவர்கள் பரம்பரைக் கணக்குப்பிள்ளைகள், அந்த ஆண்டு அந்த முறை ஒழிக்கப்பட்டது. பழைய விவரம் தேடும்போது ஊரில் அந்தக் குடும்பத்தையும் விசாரியுங்கள். மாதம் ஒரு முறை டூல்ஸ் பகுதியில் உள்ள வெரிஃபை தி டேட்டாவை ஓட்டுங்கள். தாய்க்கு ஒன்பது வயதில் பிள்ளை, நூற்றிருபது வயது ஆயுள் போன்ற பிழைகளைக் காட்டிக்கொடுக்கும்.

ஐம்பது பேர் சேர்ந்ததும் ஒரு வரைபடத்தை அச்செடுத்து, மாசிக் களரித் திருவிழாவுக்குக் குலதெய்வம் கோயிலுக்குக் கொண்டு போங்கள். எழுத்து பெரிதாக, பெயர்களுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு. பங்காளிகள் எல்லோரும் கூடும் இடம் அது ஒன்றுதான். நான் முதல் முறை விரித்தபோது சமையல் நடக்கிற கொட்டகையில் ஒரு பாயில் போட்டேன். ஒரு பெரியம்மா குனிந்து, கரண்டிக் காம்பால் ஓர் இடத்தைத் தொட்டு, "இவருக்கு முன்னாடி ஒரு அக்கா இருந்துச்சு, சின்னதுலயே போயிருச்சு, ராக்காயி" என்றார். உடனே பென்சிலில் எழுதி, பக்கத்தில் சொன்னவர் பெயரும் அன்றைய தேதியும் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்த வரைபடத்தையே ஒரு சோர்ஸாக ஏற்றி, பெரியம்மா சொன்னதை அதன் முதல் சைட்டேஷனாக வைத்தேன். பென்சில் இரண்டு கொண்டு போங்கள், ஒன்றை யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.